நடைத்தம்பிக்கு என்ன முறை

கயிற்றுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவரைக் கட்டிக்கொண்டவள் பட்ட பாட்டை வைத்துச் சொல்வது. பக்கத்து வீட்டுக்காரி ஆசையாக ஒரு பாட்டைப் பாடிக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, தொண்டைக்கு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா என்று அக்கறையாக விசாரித்த மனிதர் அவர். அப்படிப்பட்டவரைத்தான் அன்று காலை கயிற்றுக்காரி சிறைச்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், வழியெல்லாம் பாடம் நடத்திக்கொண்டு.

"மறுபடி சொல்லுங்க. அவன் எனக்கு என்ன?"

"தம்பி. கூடப் பிறந்த தம்பி."

"உங்களுக்கு?"

அவர் கைவண்டியை நிறுத்தி யோசித்தார். "மச்சினன்."

"இவ்வளவு நேரம் யோசிச்சா கதை கந்தல்தான். கேட்டதும் பட்டுன்னு வரணும்."

"மச்சினன், மச்சினன், மச்சினன்," என்று முணுமுணுத்தபடி அவர் மறுபடி வண்டியைத் தள்ளினார். "என்னால அவனை மச்சினன்னு நினைக்கவே முடியலையே. பக்கத்துல உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுக் கையில குடுத்தவன்."

"நினைக்க வேணாங்க. சொன்னாப் போதும்."

வண்டியில் சிறைச்சாலைக் கிணற்றுக்கான புதுக் கயிறு சுருட்டிக் கிடந்தது. அவள் இடுப்பில் துணி சுற்றிய கஞ்சிப் பானை. தோளில் ஒரு பழைய கம்பளி. கழுத்தில், மகள் படகுக்காரர் கையில் கொடுத்தனுப்பிய நீலப் பாசிமணி மாலை. அலங்காரத்துக்காகப் போட்டது இல்லை. மகளையே தொட்டுக்கொண்டு நடப்பதுபோல ஒரு தைரியம், அவ்வளவுதான்.

இவர்கள் யார், எதற்கு இந்த நாடகம் என்று சொல்லிவிடுகிறேன். பேரரசரின் சிலைக்கு முன் தூபம் போட மாட்டோம், சிலுவையில் அறைந்து கொல்லப்பட்ட ஒருவரைத்தான் ஆண்டவர் என்போம் என்று ஒற்றைக்காலில் நின்ற கொஞ்சம் பேரில் இவர்களும் உண்டு. தங்களைச் சபை என்று சொல்லிக்கொள்வார்கள். இந்த ஊரில் அவர்கள் கூடியது ஒரு தையல்கார விதவையின் மாடியில். பக்கத்துத் துறைமுக ஊரில் கூடியது கயிற்றுக்காரியின் ஒரே மகள் வீட்டில். இந்த ஊர்களுக்கும் மலைக்கு அப்பால் இருந்த ஊர்களுக்கும் இடையே சேதி கொண்டுபோவது ஒருவனின் வேலை. ஆள் குள்ளம். நடையில் கழுதை குதிரை எல்லாம் தோற்கும். அதனால் சபையில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவன் நடைத்தம்பி. எழுத்தில் எதையும் கொண்டுபோக மாட்டான். எழுதியது ஒருமுறை அகப்பட்டு ஒரு தெருவே மாட்டிக்கொண்ட பிறகு, எல்லாச் சேதியும் அவன் மண்டைக்குள்தான்.

மலைக்கு அப்பால் சபை கூடிய வீட்டைப் படைவீரர்கள் வளைத்து, இருந்தவர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே பழகிய ஒருவன்தான் காட்டிக் கொடுத்திருக்கிறான். யார் அவன் என்று கண்டுகொண்ட நடைத்தம்பி, துறைமுகத்தை நோக்கி ஓடிவந்தான். வழியில் இந்த ஊர் வாசலில் சந்தேகத்தின் பேரில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். யாரை எச்சரிக்க ஓடினான்? துறைமுகத்தில் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? தன் மகளைத்தான் என்று கயிற்றுக்காரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. காட்டிக் கொடுத்தவன் யார் என்ற ஒரு சொல் அவன் வாயிலிருந்து வர வேண்டும். வந்தால், அந்த ஆள் மகள் வீட்டையும் காட்டிக் கொடுப்பதற்குள் அவள் பிழைப்பாள்.

அந்தச் சிறையில் கைதிக்குச் சோறு கிடையாது. உறவுக்காரர் கொண்டுவந்தால் உண்டு, இல்லாவிட்டால் பட்டினி. உறவு தவிர வேறு யாருக்கும் உள்ளே அனுமதியும் இல்லை. "நாம எல்லாரும் ஒரே தகப்பன் பிள்ளைங்கதானே? அவனை உறவுன்னு சொன்னா அதுல பொய் எங்க இருக்கு?" என்று தையல்கார விதவை தீர்ப்புச் சொன்னாள். சபைக்கும் அது சரியென்று பட்டது. முதலில் ரொட்டி சுடுகிறவர் போய் அண்ணன் என்றார். அடுத்து, வாசலில் குனிந்து நுழையும் உயரமுள்ள சந்தைச் சுமைகாரர் போய் அவரும் அண்ணன் என்றார். தையல்காரி போய் அக்கா என்றாள். ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டுப் பழகிப்போன கூட்டம். அத்தனையையும் கேட்டுக்கொண்டிருப்பது வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரே மனிதன் என்பது ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. நல்லவர்களாக இருந்தால் மட்டும் போதுமா, கொஞ்சம் விவரமும் வேண்டாமா? அந்த மனிதன் கூடவே நின்றதால் ஒருவராலும் சேதியைக் கேட்டு வாங்கவும் முடியவில்லை.

அந்த மனிதனைச் சாவிக்காரன் என்பார்கள். கயிற்றுக்காரி நுழைந்தபோது, தாழ்ந்த கூரையுள்ள முன்னறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான். பின்சுவரில் ஆணிக்கு ஒரு சாவி. சுவரெல்லாம் ஈரம். கைதியை விசாரிப்பது அவன் வேலை இல்லை. ஆனால் அடுத்தவர் பொய்யைப் பிடிப்பதில் அவனுக்கு ஒரு ருசி உண்டு.

"வாம்மா. இன்னைக்கு யாரு முறை? அத்தையா, சித்தியா?"

"அக்கா. கூடப் பிறந்த அக்கா."

"இன்னொரு அக்காவா!" பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டான். "ஒரு கொடிமரம் வந்து அண்ணன்னு நின்னுச்சு. உள்ள இருக்கிறவன் அதோட இடுப்புக்குக்கூட வர மாட்டான். உங்க அம்மா பிள்ளைங்களைப் பெத்தாளா, சந்தையில பொறுக்கினாளா?"

"அவங்க யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. ஊர் சுத்துறவன், எங்க எங்கயோ பழகியிருப்பான். நான் ரத்த உறவு."

தையல்கார அக்காவைத் தெரியாது என்று சொன்ன வாய் அவளுக்கே கசந்தது. அந்த அக்காதான் அவளுடைய பிரசவத்துக்கு வந்து நின்றவள்.

சாவிக்காரன் ஒரு காவலாளைக் கூப்பிட்டு, கிணற்றில் கயிற்றை மாட்டிவிட்டு வரும்படி கயிற்றுக்காரரை அவனோடு அனுப்பினான். கதவு சாத்தியதும் அவள் பக்கம் திரும்பினான்.

"சரி, ரத்த உறவு. சின்ன வயசுல எப்படி இருப்பான்? சொல்லு, கேட்போம்."

பதில் யோசித்து வைக்காத கேள்வி. ஆனால் அவளுக்கு உண்மையிலேயே ஒரு தம்பி இருந்தான். நடக்கப் பழகுவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டவன். அவனைப் பற்றி யாரிடமும் பேசி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"என் இடுப்புலதான் வளர்ந்தான்," என்றாள். "இறக்கி விட்டா ஊரைக் கூட்டுவான். தூங்கும்போதும் என் பின்னலைப் பிடிச்சுக்கிட்டேதான் தூங்குவான். மெதுவா விரலைப் பிரிச்சு எடுப்பேன், கண்ணைத் திறந்துடுவான். அவனுக்குக் காய்ச்சல்னா எனக்குக் கை ஓடாது, கால் ஓடாது. இப்பவும் காய்ச்சலாமே, ஐயா?"

கண் கலங்கிவிட்டது. அதில் நடிப்பு இல்லை. சாவிக்காரன் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியிலிருந்து ஒரு சாவியை எடுத்தான். அவளுக்கு மூச்சு வந்தது.

கிணற்றடியிலிருந்து கயிற்றுக்காரர் வந்ததும் அப்போதுதான்.

"கயிறு நல்லா இருக்கா?" என்று கேட்டான் சாவிக்காரன், சும்மா பேச்சுக்கு.

"பழைய நார் கொஞ்சம் கலந்துதான் இருக்கு. ஆனா தாங்கும்."

"உள்ள இருக்கிறவன் உனக்கு என்ன வேணும்?"

"தம்பி," என்றார் கயிற்றுக்காரர்.

பட்டென்று வந்தது. வழியெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தாளே, அப்படியே, ஒரு நொடி யோசிக்காமல் வந்தது. சொன்ன பிறகுதான் அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது.

சாவிக்காரன் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினான்.

"அவளுக்குக் கூடப் பிறந்த தம்பி. உனக்கும் தம்பி. அப்போ நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா, அண்ணன் தங்கச்சியா?" குரலில் இப்போது கேலி போய்விட்டிருந்தது. "அண்ணன் தங்கச்சியே கட்டிக்கிற கூட்டம் ஒண்ணு இந்த ஊர்ல இருக்குன்னு சொல்லுவாங்க. தூபம் போடாத கூட்டம். அதுவா நீங்க?"

அப்படி ஒரு அசிங்கமான பேச்சு ஊரில் இருந்தது உண்மை. இல்லை என்று சொன்னால் பொய், ஆமாம் என்று சொன்னால் சபையே போச்சு. சாவிக்காரன் வாசல் கதவுக்குக் குறுக்குக் கட்டையைப் போட்டான்.

"அவனைக் கூட்டிட்டு வா," என்று காவலாளிடம் சொன்னான். "அவன் வாயாலயே கேட்போம்."

நடைத்தம்பியை இரண்டு கைத்தாங்கலில் கொண்டுவந்தார்கள். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே வீங்கி, தரையில் படாமல் தொங்கியது. அந்தக் காலை அந்த நிலையில் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. அவன் கண் முதலில் போனது கஞ்சிப் பானைக்கு. அப்புறம் அவர்கள் முகங்களுக்கு. அப்புறம் கதவில் போட்டிருந்த கட்டைக்கு. அந்தக் கட்டையை அவன் பார்த்த விதத்திலேயே, அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"இவங்க உனக்கு என்ன வேணும்?"

"யாரு இவங்க?" என்றான் நடைத்தம்பி. "நான் பார்த்ததே இல்லை."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். காய்ச்சலில் எரிகிற ஒருவன், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கஞ்சியையும் வேண்டாம் என்று திருப்பிக்கொண்ட முகம் அது. இவர்களைக் காப்பாற்ற அவனிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"பார்த்ததே இல்லையாம்," என்றான் சாவிக்காரன். "முன்னபின்ன தெரியாதவனுக்கு எதுக்கும்மா கஞ்சி? யார் அனுப்பினது உன்னை?" காவலாளைப் பார்த்து, "போய்ப் படைவீட்டுல சொல்லு," என்றான்.

அப்போது கயிற்றுக்காரர் கத்தினார்.

"டேய்! பார்த்ததே இல்லையா?"

அறையில் எல்லாரும் திடுக்கிட்டார்கள். கயிற்றுக்காரிதான் அதிகம். இந்த மனிதர் குரல் உயர்த்தி அவள் கேட்டதே கிடையாது.

"போன மழைக்கு எங்க வீட்டுல சுருண்டு கிடந்தியே, இவ ராப்பகலா உன் காலுக்கு எண்ணெய் தேய்ச்சாளே, அப்பப் பார்க்கலை? இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போடான்னு வாசல்ல நின்னு கெஞ்சினேன். கேட்டியா? வேலை இருக்குன்னு அந்த மழையிலயே இறங்கிப் போனே! இப்பப் பாரு காலை! இந்தக் காலை வெச்சு இனிமே எங்கடா நடப்பே? உனக்காக இவ அடுப்புல கையைச் சுட்டுக்கிட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வந்திருக்கா. மூஞ்சியைத் திருப்பிக்கிறியா? இருந்தாலும் இவ்வளவு திமிர் ஆகாதுடா!"

சொல்லிக்கொண்டே அழுதார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எண்ணெய் தேய்த்தது நிஜம், கெஞ்சியது நிஜம், கை சுட்டது நிஜம், கோபமும் நிஜம். பொய் சொல்ல வராத மனிதர், உண்மையை எடுத்து வீசிக்கொண்டிருந்தார்.

நடைத்தம்பி மெல்லத் திரும்பினான். அந்தக் காய்ச்சல் கண்ணில் என்னவோ ஒன்று வழியைக் கண்டுபிடித்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

"வந்துட்டாங்க, கஞ்சியைத் தூக்கிக்கிட்டு!" அவனும் கத்தினான். "என் மேல அக்கறை இருந்தா முதல்ல உங்க பொண்ணு வீட்டைப் பார்த்திருக்கணும்! அந்தப் பாசிமணி விக்கிறவனை வீட்டுக்குள்ள சேர்த்து வெச்சிருக்காளே, எல்லாரையும் விடச் சத்தமா அழுது அழுது ஒட்டிக்கிட்டவன், அவன் எப்படிப்பட்டவன்னு விசாரிச்சீங்களா? மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டையே அவன்தான் குடிகெடுத்தான். என் கண்ணால பார்த்தேன். அவனுக்குச் சோறு போடற வீட்டோட எனக்கு உறவே வேணாம். எனக்குக் கஞ்சி வேணாம். போங்க, போய் உங்க பொண்ணைப் பாருங்க!"

கயிற்றுக்காரியின் கை கழுத்துக்குப் போனது. நீலப் பாசிமணி. புதிதாக ஒருவர் கூட்டத்துக்கு வருகிறார் அம்மா, ஜெபத்தில் அழுதுகொண்டே இருப்பார், எல்லாப் பெண்களுக்கும் ஒரு மாலை கொடுத்தார், உனக்கும் ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்று மகள் படகுக்காரரிடம் சொல்லியனுப்பியிருந்தாள். அந்த மணிகள் இப்போது நெருப்பாகச் சுட்டன.

சாவிக்காரன் சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான்.

"இருடா, படைவீட்டுக்குப் போகாதே," என்று காவலாளை நிறுத்தினான். "இது குடும்பம்தான். வெளியாளுங்களுக்கு இப்படிச் சண்டை போட வராது. என் வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான், இதே கதைதான். கஞ்சியைக் குடும்மா."

அவள் கம்பளியை நடைத்தம்பியின் தோளில் போட்டுப் பானையைப் பிடித்தாள். அவன் அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குடித்தான். குடித்து முடித்த பிறகும் விடவில்லை. காவலாள் வந்து பிரித்து உள்ளே கொண்டுபோனான்.

பிழைத்தோம் என்று அவள் நினைத்தது அவ்வளவு நேரம்தான்.

"குடும்பம் சரி," என்றான் சாவிக்காரன், முக்காலியில் உட்கார்ந்து மறுபடி பட்டாணியை எடுத்து. "ஆனா முறை இன்னும் எனக்கு ஒத்து வரலை. ஒருத்தர் பொய் சொல்றீங்க. துறைமுகத்துல பொண்ணு இருக்காளாமே? அவளைக் கூட்டிட்டு வா. மாமாங்கிறாளா, சித்தப்பாங்கிறாளான்னு அவ வாயாலயே கேட்டுக்கறேன். அதுவரைக்கும் உன் பொண்டாட்டி இங்க இருக்கட்டும்."

"நான் இருக்கேன்," என்றார் கயிற்றுக்காரர் அவசரமாக. "அவ போகட்டும்."

"அவ போனா வர மாட்டா. உன் மூஞ்சியில பொய் நிக்காது. நீதான் வருவே."

கட்டையை எடுத்துவிட்டான். வெளியே முற்றத்தில் நல்ல வெயில். கயிற்றுக்காரர் அசையாமல் நின்றார். அவருடைய மனதில் ஓடியது அவளுக்கு வாய்விட்டுச் சொன்னதுபோலவே கேட்டது. மகள் இங்கே வந்தால் மாமா என்றும் சொல்ல மாட்டாள், சித்தப்பா என்றும் சொல்ல மாட்டாள். பழக்கதோஷத்தில் அண்ணன் என்பாள். வந்தால் அவள் போச்சு. வராவிட்டால் இவள் போச்சு.

கயிற்றுக்காரி மாலையைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"இதை அவகிட்டத் திருப்பிக் குடுத்துடுங்க. இது எனக்கு வேணாம், அவளுக்கும் வேணாம்னு சொல்லுங்க." சாவிக்காரன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "தம்பி சொன்னதை முதல்ல சொல்லுங்க. அப்புறம், பிள்ளையை அவசரப்படுத்தாதீங்க. அங்க இருக்கிறவங்க எல்லாருக்கும் சொல்லிட்டு, வீட்டு வேலையெல்லாம் முடிச்சுக்கிட்டு, மெதுவா வரட்டும்."

"எவ்வளவு மெதுவா?"

"ரொம்ப மெதுவாங்க."

அவருக்குப் புரிந்தது. மகள் வரவே வேண்டாம் என்கிறாள்.

"நான் வருவேன்," என்றார்.

அவர் சொன்னால் அது பொய்யாக இருக்காது. அதுதான் அவளுக்குப் பயமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

அவளை உள்ளே அனுப்பிக் கதவைப் பூட்டினார்கள். கம்பி போட்ட ஜன்னல் வழியாக முற்றம் தெரிந்தது. கயிற்றுக்காரர் நடக்கத் தொடங்கினார். பின்பக்கமாகவே நடந்தார். கயிற்றுக்கொட்டகையில் அவருடைய வேலையே அதுதான்: அவள் ஒரு முனையில் சக்கரம் சுற்றுவாள், அவர் இடுப்பில் நாரைக் கட்டிக்கொண்டு, விரலால் விட்டுக்கொடுத்தபடி, அவளைப் பார்த்தவாறே பின்னோக்கி நடப்பார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். வாழ்நாள் முழுக்க நடந்தும் கொட்டகைத் தெருவைத் தாண்டாத மனிதர் என்று நடைத்தம்பிகூடக் கேலி செய்வான். இப்போதும் கண் அவள்மேல் இருக்க, கால் பின்னால் போனது. வாசற்கல் தடுக்கி விழப் பார்த்தார்.

"திரும்பி நடங்க!" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "முன்னாடி பார்த்து நடங்க!"

அவர் திரும்பினார். கொட்டகையில் அவர் முகம்தான் தூரம் போகப் போகச் சின்னதாகும். இப்போது தெருவில் அவர் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. அவர் ஓடிக்கொண்டிருந்தார்.